ஊசி போடும்போது குழந்தை தாயிடமே இருக்கட்டும்

பிறந்த ஓரிரு நாளிலேயே குழந்தையின் உடம்பில் வைட்டமின் கே, ஹெபடைடிஸ் பி, பிசிஜி என மூன்று ஊசிகள் இறங்குகின்றன. பிறவிக் குறைபாடுகளைக் கண்டறியக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். 6, 10, 14ஆவது வாரங்களில் மறுபடியும் ஊசி. இவற்றில் ஒன்றையும் தவிர்க்கக் கூடாது. ஆனால் வலியைக் குறைக்கலாம். அதற்கான வழி தாயிடமே இருக்கிறது. கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் அரசு மருத்துவமனைகள் அதை ஒவ்வொரு தாய்க்கும் தமிழில் கற்றுக்கொடுக்க வேண்டும்.

‘பச்சப்புள்ளைக்கு என்ன தெரியும்’ என்ற எண்ணம் வீடுகளில் மட்டும் இருந்ததில்லை. 1980கள் வரை மேலை நாடுகளிலேயே பச்சிளம் குழந்தைகளுக்குப் போதிய வலி நிவாரணி இல்லாமல் அறுவைச் சிகிச்சை நடந்தது. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டு சென்ற கன்வல்ஜீத் ஆனந்த் 1987இல் வெளியிட்ட ஆய்வுகள் அந்த நம்பிக்கையை உடைத்தன. தடுப்பூசி போடும்போதோ அதற்குச் சற்று முன்போ தாய்ப்பால் கொடுக்கும்படி 2015இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது.

செய்முறை எளிது. சில நிமிடம் முன்பே குழந்தையை மார்பில் அணைத்து, அது நன்றாகச் சப்பத் தொடங்கிய பின் ஊசி போட வேண்டும். போட்ட பிறகும் பால் தொடர வேண்டும். சப்புவதும், தாயின் உடம்புச் சூடும், பாலின் இனிப்பும் சேர்ந்து வலியைத் தணிக்கின்றன. பால் குடிக்க இயலாத குறைமாதக் குழந்தையை நெஞ்சோடு நெஞ்சாக, தோலோடு தோலாக அணைத்துக்கொள்ளலாம். கைகால்களை மடக்கி உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கலாம். ஊசி வலிக்கென்று வீட்டில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் நாவில் இனிப்பைத் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களுக்கு இது மிக அவசியம்.

நடப்பதோ வேறு. பெற்றவள் பார்த்தால் தாங்கமாட்டாள் என்று பாட்டி குழந்தையை வாங்கிக்கொண்டு போகிறார். தாய் வாசலில் நின்று அழுகையைக் கேட்கிறாள். பால் குடிக்கும்போது ஊசி போட்டால் புரையேறும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. கூட்டத்தில் நேரமில்லை என்பது உண்மையான சிரமம்தான். ஆனால் வரிசையில் காத்திருக்கும் தாயை, தன் முறைக்குச் சற்று முன்பே பால் கொடுக்கச் சொன்னால் அந்தச் சிரமமும் தீரும்.

மூணாறு எஸ்டேட் லயத்திலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் வரும் தாய்க்கு மலையாள அறிவுரை பாதிதான் புரியும். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுதித் தொடர்புகொள்ளும் உரிமையை 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டமே தந்திருக்கிறது. மனுவுக்கு உள்ள மரியாதை தாயின் கேள்விக்கும் வேண்டும்.

ஆகவே, மருத்துவமனைகள் கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே பொம்மையை வைத்து இந்தச் செய்முறையைத் தமிழில் விளக்கிக் காட்டட்டும். தடுப்பூசி அறையில் ஒரு திரையும், சாய்ந்து உட்கார ஒரு நாற்காலியும் போடட்டும். தமிழ் பேசும் ஆஷா பணியாளர்களுக்கு இதில் பயிற்சி கொடுக்கட்டும்.

சிசு மரண விகிதத்தை ஒற்றை இலக்கத்துக்குக் குறைத்துக் காட்டிய கேரளத்துக்கு இது பெரிய வேலை அல்ல. வரும் புதன்கிழமைத் தடுப்பூசியிலேயே தொடங்கலாம். ஊசியைக் கையில் எடுக்கும் முன் செவிலியர் தாயைப் பார்த்து, “பால் கொடும்மா” என்று சொல்லட்டும்.