அம்பின் முனையைப் பற்றிச் செல்க!

பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளோடு நடந்து செல்பவர், அவற்றின் கூர்முனையைத் தம் கையால் பற்றிக்கொண்டு செல்லவேண்டும். யாருக்கும் காயம் நேர்ந்துவிடக் கூடாது. இது பெருமானார் (ஸல்) அவர்கள் இட்ட கட்டளை. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற ஹதீஸ். மதரஸாவில் ஓதிய நாள்களில் இதனை ஒழுக்க முறைகளுள் ஒன்றாக எண்ணி நாம் எளிதாகக் கடந்து சென்றோம். 2019ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் வெள்ளிக்கிழமைக்குப் பின் அவ்வாறு கடந்து செல்ல நம்மால் இயலவில்லை.

அன்று நியூஸிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில், அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலும் ஜும்ஆவுக்குக் கூடியிருந்தோரை ஒருவன் சுட்டுத் தள்ளினான். 51 உயிர்கள் பறிபோயின. மூன்று வயதுப் பாலகனும் அவர்களுள் ஒருவன்; எழுபது கடந்த முதியோரும் உண்டு. கொலைகாரன் ஆஸ்திரேலியன், வெள்ளை இனமே மேலானது என்னும் வெறி தலைக்கேறியவன். அவன் பெயரைத் தாம் ஒருபோதும் உச்சரிக்கப் போவதில்லை என்று அன்றைய பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் நாடாளுமன்றத்தில் கூறினார். நாமும் எழுதோம்.

இக்கட்டுரை அவனைப் பற்றியதன்று. அக்கொலைக்குப் பின் மனிதர்கள் பேசிய பேச்சுகளைப் பற்றியது. அவற்றுள் நம்மவர் பேச்சும் உண்டு. அதனையும் நாம் விட்டுவைக்கப் போவதில்லை.

இரத்தம் உலரும் முன்பே ஆஸ்திரேலிய மேலவை உறுப்பினர் ஃபிரேசர் ஆனிங், முஸ்லிம்களைக் குடியேற விட்டதே இதற்குக் காரணம் என்று அறிக்கை விட்டார். செத்தவன்தான் குற்றவாளி என்னும் இந்த நியாயத்தை அவர் அமர்ந்திருந்த மேலவையே ஏப்ரல் 3ஆம் நாள் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. அவருக்கு அதுவே போதும்.

நாம் மறுமொழி சொல்ல வேண்டியவர்கள் வேறு சிலர். “யாரோ ஓர் அந்நியன் செய்த குற்றத்திற்கு, சட்டத்திற்கு அடங்கி நடக்கும் எங்களை ஏன் தண்டிக்கிறீர்கள்?” என்று கேட்ட துப்பாக்கி உரிமையாளர்கள் அவர்கள். அவர்களுள் பலர் வேட்டையாடுவோர். பலர் பண்ணை வைத்திருப்போர். பண்பற்றவர்கள் என்று அவர்களை நாம் சொல்லமாட்டோம். ஆனால் அவர்கள் ஒன்றை மறந்துவிட்டனர். அந்தக் கொலைகாரனும் மார்ச் 15ஆம் நாள் பகல்வரை சட்டத்திற்கு அடங்கி நடந்தோர் பட்டியலில்தான் இருந்தான்! 2017இல் முறைப்படி உரிமம் பெற்றவன் அவன். துப்பாக்கிச் சங்கமொன்றில் உறுப்பினனாகிப் பயிற்சி பெற்றவன்.

அன்றைய சட்டத்தின் ஓட்டையைப் பாருங்கள். சாதாரண உரிமம் உடையவர் அரைத் தானியங்கித் துப்பாக்கி வாங்கலாம். ஏழு தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகஸினை அதில் பொருத்தினால், அஃது இராணுவ வகையாகிவிடும். அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஆனால் அந்தப் பெரிய மேகஸினைத் தனியே வாங்குவதற்கு எந்த அனுமதியும் வேண்டியதில்லை! கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கடையில் விற்றார்கள்.

இஃது யாரும் அறியாத ஓட்டையுமன்று. 1990இல் அராமோவானா என்னும் கடலோரச் சிற்றூரில் 13 பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். 1997இல் முன்னாள் நீதிபதி தாமஸ் தோர்ப், துப்பாக்கிகளையெல்லாம் பதிவு செய்யவும், இராணுவ வகைத் துப்பாக்கிகளை மக்களிடமிருந்து அகற்றவும் பரிந்துரைத்தார். அறிக்கை 22 ஆண்டுகள் அலமாரியில் உறங்கியது. அதனை எழுப்ப 51 ஜனாஸாக்கள் தேவைப்பட்டன.

எழுந்தபின் விரைவாகவே நடந்தது. ஆறே நாளில் தடை அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 10ஆம் நாள் நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற கணக்கில் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு டிசம்பருக்குள் 56 ஆயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசு ஈட்டுத்தொகை கொடுத்துத் திரும்பப் பெற்றது.

“துப்பாக்கி ஏந்திய தீயவனைத் தடுக்கத் துப்பாக்கி ஏந்திய நல்லவன் வேண்டும்” என்பது வேறொரு வாதம். அமெரிக்காவில் பிறந்து உலகெங்கும் உலவுவது. லின்வுட்டில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கொலைகாரனை எதிர்கொண்டு ஓடியவரின் கையில் இருந்தது, கடைகளில் அட்டை வைத்துப் பணம் செலுத்தும் சிறு கருவி ஒன்றே. அதை அவன் மீது வீசினார். அவன் கீழே போட்ட, தோட்டா தீர்ந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவனைத் துரத்தினார். 2022இல் நியூஸிலாந்தின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்டது. வீரம் துப்பாக்கிக் கடையில் விற்பதன்று.

“துப்பாக்கி இல்லையென்றால் கத்தி எடுப்பான்” என்பாரும் உண்டு. ஆம், எடுப்பான், எடுத்தான். 2021 செப்டம்பர் 3ஆம் நாள் அதே நாட்டின் ஆக்லாந்து நகரில், ஐ.எஸ். கொள்கையில் மூழ்கிய ஒருவன், பல்பொருள் அங்காடியின் அடுக்கிலிருந்த கத்தியை எடுத்து ஏழு பேரைத் தாக்கினான். இதைச் சொல்ல நமக்கு வெட்கமாக இருக்கிறது: அவன் இலங்கையிலிருந்து சென்ற, நம் மொழி பேசும் முஸ்லிம். அவனைப் பின்தொடர்ந்திருந்த காவலர்கள் அவனைச் சுட்டு வீழ்த்தினர். காயமுற்ற ஏழு பேரும் பிழைத்தனர். காவலர் அருகிலிருந்தது பெரும் காரணமே, மறுக்கவில்லை. ஆயினும் அவன் கையில் கிரைஸ்ட்சர்ச் துப்பாக்கி இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்? அன்றும் ஆர்டெர்ன் பழியை அந்த ஒருவன் மீதே வைத்தார். ஒரு மார்க்கத்தின் மீதோ ஓர் இனத்தின் மீதோ வைக்கவில்லை. இரு கொலைவெறியர்க்கும் ஒரே தராசு!

இந்தத் தராசு எல்லா நாட்டிலும் இல்லை. 2015 டிசம்பர் 2ஆம் நாள், கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் முஸ்லிம் தம்பதி இருவர் 14 பேரைச் சுட்டுக் கொன்றனர். மறுநாளே, பயங்கரவாதச் சந்தேகப் பட்டியலில் உள்ளோர்க்குத் துப்பாக்கி விற்பதைத் தடுக்கும் திருத்தம் அமெரிக்க மேலவையில் தோற்றது. நிரபராதிகளும் அப்பட்டியலில் சிக்குவர் என்னும் கவலை நியாயமானதே. ஆனால் அதன்பின் நடந்ததென்ன? டிசம்பர் 7ஆம் நாள் டொனால்ட் டிரம்ப், முஸ்லிம்கள் நாட்டுக்குள் வருவதையே முற்றாக நிறுத்தவேண்டும் என்றார். சந்தேகத்திற்குரியவன் துப்பாக்கி வாங்கலாம்; சந்தேகமே இல்லாத ஒரு மூதாட்டி பேரனைப் பார்க்க விமானம் ஏறக்கூடாது! இதற்கு நீதியென்று பெயரா?

இனி நம் வீட்டுக்குள் வருவோம்.

முக்காடிட்ட ஆர்டெர்ன் அவர்களின் படம் நம் குடும்பங்களில் வலம் வராத கைப்பேசி இல்லை. அந்தப் பரிவை நாமும் போற்றுகிறோம். ஆனால் படத்தை அனுப்பியவர்களுள் எத்தனை பேர் அந்தச் சட்டத்தை அறிந்திருந்தனர்? கண்ணீரைக் கொண்டாடினோம், அந்தக் கண்ணீர் செய்த வேலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

“தொழுகையில் இறந்தோர் ஷஹீதுகள், எல்லாம் விதி, சட்டத்தால் என்ன ஆகும்?” என்றனர் நம் பெரியவர் சிலர். அன்புக்குரியோரே, ஷஹாதத் என்பது இறந்தவர் பெறும் பதவி. இருப்பவர் சோம்பியிருப்பதற்கான சாக்கன்று. உயிரைக் காத்தல் ஷரீஅத்தின் ஐந்து அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. தீமைக்கு இட்டுச் செல்லும் வழிகளை முன்கூட்டியே அடைப்பதற்கு ‘ஸத்துத் தராயிஃ’ என்று ஃபிக்ஹு நூலோர் பெயரிட்டனர். குழப்பக் காலத்தில் ஆயுதம் விற்பதை அவர்கள் தடுத்ததும் இதனாலேயே. நம் நூல்களில் உறங்கும் இந்த விதியைத்தான் நியூஸிலாந்து சட்டமாக்கியது.

எல்லாவற்றிலும் கொடியது மூன்றாவது பேச்சு. 2019 ஏப்ரல் 21ஆம் நாள் இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறன்று 260க்கும் மேற்பட்டோர் குண்டுவெடிப்புகளில் மாண்டனர். இது கிரைஸ்ட்சர்ச்சுக்குப் பழிவாங்கல் என்று இரண்டு நாள் கழித்து ஓர் இலங்கை அமைச்சர் சொன்னார். அதற்கான தகவல் எதையும் தாங்கள் காணவில்லை என்றது நியூஸிலாந்து அரசு. வனாத்தவில்லுவில் அக்கூட்டத்தாரின் வெடிபொருள்கள் பிடிபட்டதோ அவ்வாண்டு ஜனவரியில்; கிரைஸ்ட்சர்ச்சுக்கு இரண்டு மாதம் முன்னர்! ஆயினும் ‘பழிக்குப் பழி’ என்ற சொல் நம்மவர் சிலர் காதுக்கு இனித்தது. திண்ணையில் அவர்கள் அதைச் சொல்லக் கேட்டு நாம் நடுங்கினோம். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மாண்ட தமிழ்க் குழந்தைகள் கிரைஸ்ட்சர்ச்சில் யாரைச் சுட்டார்கள்? கிஸாஸ் என்பது குற்றவாளி ஒருவன் மீது நீதிபதி விதிப்பது. பிறர் பிள்ளையைக் கொல்வதற்கு மார்க்கத்தில் ஒரு பெயர்தான் உண்டு, அது கொலை.

கிரைஸ்ட்சர்ச்சை ஆராய்ந்த அரச ஆணைக்குழு 2020இல் அறிக்கை தந்தது. உளவுத்துறையின் கவனம் முஸ்லிம் தீவிரவாதத்தின் மீதே அளவு மீறிக் குவிந்திருந்ததையும், உரிமம் வழங்கியதிலிருந்த குறைகளையும் அது சுட்டிக்காட்டியது. அதோடு, தற்செயலாக அன்றி அவன் திட்டத்தை முன்னரே கண்டறிய வழியிருக்கவில்லை என்றும் கூறியது. இதனை ஆழ்ந்து எண்ணுங்கள். மனிதனின் உள்ளத்தை அரசு படிக்க முடியாது. அல்லாஹ் ஒருவனே அறிவான். அரசால் பார்க்கக் கூடியது கையை. அந்தக் கையில் என்ன இருக்கலாம் என்பதையே சட்டம் தீர்மானிக்க இயலும்.

ஆனால் துக்கம் ஆறும். ஆறியதும் மனிதர்கள் மறப்பார்கள். 119க்கு 1 என்று நின்ற அதே நாடாளுமன்றம், துப்பாக்கிப் பதிவேட்டுக்கு வழிசெய்த இரண்டாவது சட்டத்தை 2020 ஜூனில் 63க்கு 57 என்றே நிறைவேற்றியது. அன்று தனித்து எதிர்த்து வாக்களித்தவரின் கட்சி 2023 தேர்தலுக்குப்பின் ஆட்சியில் பங்கேற்று, ஆயுதச் சட்டத்தைத் திருத்தியெழுதும் பொறுப்பையும் பெற்றது. ஆகவே, துக்கம் சூடாயிருக்கும்போதே சட்டம் செய்யுங்கள் என்பதும், ஆறிய பின் அதனைக் காவல் காத்து நில்லுங்கள் என்பதும் நம் கட்சி.

பெருமானார் (ஸல்) அவர்கள் அம்பு ஏந்தி வந்தவரிடம், “உம் உள்ளத்தில் என்ன இருக்கிறது?” என்று கேட்கவில்லை. நல்லவரா தீயவரா என்று பிரிக்கவுமில்லை. கூட்டத்தினுள் வருகிறீர், முனையைப் பற்றிக்கொள்ளும் என்றார்கள். தம் கையைச் சற்று இறுக்கிக்கொள்வதைத் தண்டனையாக எண்ணி முறையிட்ட ஸஹாபி ஒருவரை நாம் எந்த நூலிலும் படித்ததில்லை.