விலைக்கு விற்கும் விருந்தோம்பல்

டுபாயில் தொழில் பார்க்கும் மகனையோ தம்பியையோ கண்டுவரச் சென்று திரும்பும் நம்மவர்கள், அண்மைக் காலமாக ஒரு புகைப்படத்துடன் திரும்புகின்றனர். செம்மணற் குன்றொன்றின் உச்சியிலே, தலையிற் கட்டமிட்ட அரபுத் துணியுடன், கையில் முகமூடியிட்ட இராசாளி ஒன்றைத் தாங்கியபடி நிற்கும் படம் அது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் முதற் பல்கலைக்கழக மாணவர் ஈறாக எல்லோரும் ஒரே குன்றில், ஒரே துணியுடன், ஒரே பறவையுடன் நிற்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. "பாலைவனத்தைக் கண்டோம், பதூவிகளின் வாழ்க்கையைக் கண்டோம்" என்று அவர்கள் பெருமிதத்துடன் உரைக்கும்போது நாம் ஒன்றைக் கேட்க வேண்டியவர்களாகிறோம். அவர்கள் கண்டது யாருடைய வாழ்க்கையை?

"பாலைவன சபாரி" எனப்படும் இவ்வுலாவின் நிகழ்ச்சி நிரல் எந்த நிறுவனத்திடம் சென்றாலும் ஏறக்குறைய ஒன்றே. பிற்பகல் மூன்று மணியளவில் ஹோட்டல் வாயிலில் லாண்ட் குறூஸர் வந்து நிற்கும். ஹத்தா வீதிவழியே லஹ்பாப் மணற்குன்றுகளை அடைந்ததும் சாரதி இறங்கி ரயர்களின் காற்றைக் குறைப்பார். ரயர் தட்டையாகி அகலப் பதிந்தாலன்றி வண்டி மணலிற் புதைந்துவிடும். பின்னர் அரைமணி நேரம் குன்றுகளில் ஏற்றியும் சரித்தும் குலுக்கியும் ஓட்டுவார். உள்ளிருப்போர் கூச்சலிடுவர், சிலர் வாந்தியெடுப்பர். அந்திச் சூரியனோடு ஒரு படம். பலகையில் நின்று மணலிற் சறுக்குதல். நான்கு சில்லு மோட்டார் வண்டிக்குத் தனிக்கட்டணம். ஒட்டகத்தின் மேற் சில நிமிடங்கள். இருட்டியதும் வேலியடைத்த கூடாரத் தளத்திலே மருதாணி, ஹூக்கா, தணலிற் சுட்ட இறைச்சியுடன் இராப்போசனம், இடுப்பு நடனம், நெருப்பு விளையாட்டு. ஒன்பது மணிக்கு மீண்டும் ஹோட்டல்.

"சபாரி" என்ற சொல்லின் கதையே ஒரு சரித்திரம். பயணத்தைக் குறிக்கும் "ஸபர்" என்னும் அரபுச் சொல்லை நம் நாட்டு முஸ்லிம் மக்கள் நன்கறிவர். வழிப்போக்கனை அவர்கள் "முஸாபிர்" என்பர். அச்சொல் வணிகரோடு கிழக்காபிரிக்கக் கரைக்குச் சென்று சுவாஹிலியிற் "சபாரி" ஆயிற்று. அங்கே ஆபிரிக்கக் கூலிகளின் தலையிற் சுமையேற்றி யானையும் சிங்கமும் சுடப் புறப்பட்ட வெள்ளைக் கனவான்கள் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். இன்று அதே சொல் விளம்பரத் தாளில் ஏறி, தான் பிறந்த அரபு மண்ணுக்கே விற்பனைச் சரக்காகத் திரும்பியிருக்கிறது. சொல்லுக்கு நேர்ந்ததே அம்மண்ணின் மக்களுக்கும் நேர்ந்திருக்கிறது.

"உண்மையான பதூவி வாழ்க்கை" என்று விற்கப்படும் மாலைப்பொழுதிலே பதூவிகளுக்குரியது எது? இடுப்பு நடனம் எகிப்திலும் லெவந்துப் பகுதியிலும் வளர்ந்தது. வண்ணப் பாவாடை விரியச் சுழன்றாடும் தனூரா, எகிப்தியச் சூபிகளின் தியானச் சுழற்சியிலிருந்து வந்தது; தியானம் கழிந்து மின்விளக்கு எஞ்சியுள்ளது. அந்நாட்டவருக்கே உரிய அய்யாலா என்னும் ஆடல் ஒன்றுண்டு. மூங்கிற் கழிகளைத் தாங்கிய ஆடவர் எதிரெதிராக இரு வரிசையில் நின்று கவிதை பாடி அசையும் கூட்டாடல் அது; 2014இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் இராப்போசன மேடைக்கு வேண்டுவது கவிதை பாடும் ஆடவர் வரிசை அன்றே!

இராசாளியின் கதையோ இன்னும் வேதனை தருவது. பதூவி இலையுதிர் காலத்தில் இராசாளியைப் பிடித்துப் பழக்கி, குளிர்காலத்தில் ஹுபாரா என்னும் பறவையையும் முயலையும் அதனைக்கொண்டு வேட்டையாடி, வசந்தத்தில் அதனை மீண்டும் வானில் விட்டுவிடுவான். பசித்த குடும்பத்துக்கு இறைச்சி தேடித்தந்த துணை அது. இன்று அது காலிற் கயிற்றுடன், ஒரு வேட்டைக்கும் போகாமல், இரவுக்கு நூறு கைகள் மாறி நிற்கிறது. ஒட்டகச் சவாரிக்குப் பின்னாலும் ஒரு கறை உண்டு. அமீரகத்தின் ஒட்டகப் பந்தயங்களிற் பாகிஸ்தான், பங்களாதேஷ், சூடான் நாடுகளின் ஏழைச் சிறுவர்களை, எடை குறைந்தவர்கள் என்பதற்காகவே, ஒட்டகத்தின் முதுகில் ஏற்றினர். 2005ஆம் ஆண்டிற்றான் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஏற்றுவது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. சிறுவர்கள் யுனிசெவ் நிறுவனத்தின் உதவியோடு ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் இடத்தில் இயந்திரப் பாவைகள் அமர்ந்தன.

நாம் பழைய பாலைவன வாழ்வைப் பொற்காலமென்று பாடவில்லை. பசியும் தாகமும் குலப்பகையும் நிறைந்த வாழ்வு அது. அடிமை முறையும் அங்கிருந்தது. கோடையில் முத்துக் குளிக்கச் சென்ற ஏழைகள் படகுத் தலைவனிடம் பட்ட கடனிலிருந்து மீளாமலே மாண்டனர். 1946க்கும் 1948க்கும் இடையில் வெற்றுப் பாலையை இருமுறை கடந்த வில்பிரெட் தெசிகர் என்னும் ஆங்கிலேயர், தம்முடன் வந்த ராஷித் குலத்தாரின் வறுமையையே அவர்களது மேன்மையின் ஊற்றாகக் கண்டு வியந்தார். 1977இல் அவர் மீண்டும் சென்றபோது அவர்கள் மோட்டார் வண்டியில் வந்தனர், அவரோ ஏமாற்றமடைந்தார். பிறர் பசித்திருக்க, அதன் அழகை இரசிக்கும் உரிமையை இவருக்குத் தந்தவர் யார்? அபுதாபியில் 1958இலும் டுபாயில் 1966இலும் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், பதூவி வீட்டுக்கும் பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் வந்து சேர்ந்தான். அது நல்லதே. நம் குற்றச்சாட்டு வேறு. அவன் விட்டுச் சென்ற கூடாரத்தை வியாபாரி எடுத்துக்கொண்டான். அக்கூடாரத்தின் அறத்தை மட்டும் எறிந்துவிட்டான்.

அந்த அறம் யாது? பாலையில் வந்து சேர்ந்தவன் பகைவனேயாயினும், அவன் பெயரையும் காரியத்தையும் வினவாது மூன்று நாள் உணவும் பாதுகாப்பும் தருதல். நீரற்ற நிலத்தில் இன்று மறுப்பவன் நாளை மறுக்கப்படுவான் என்ற வாழ்க்கை நியதியிலிருந்து எழுந்த வழக்கம் அது. வள்ளுவர் ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய பண்பும் அதுதான். சபாரித் தளத்திலே அதற்குத் தரங்கள் வகுக்கப்பட்டுள்ளன. சாதாரணச் சீட்டுடையோர் தட்டேந்தி வரிசையில் நிற்க வேண்டும். கூடுதற் கட்டணம் செலுத்தியோருக்கு மேடைக்கருகே மெத்தையும் இருக்குமிடத்திற் பரிமாறலும் உண்டு. விருந்தினரைப் பணத்தால் வகுக்கும் கூடாரத்தைப் பதூவி கண்டால் அதைத் தன் கூடாரமென ஏற்பானா?

நாமும் ஒருமுறை அவ்வுலாவிற் சென்றோம். மறைப்பானேன்? உறவினர் ஒருவர் நம்மைக் கேளாமலே கட்டணத்தைச் செலுத்திவிட்டார். மறுக்கும் துணிவு நமக்கிருக்கவில்லை. கூடார வாயிலிலே வெண்ணிற நீளங்கியும் தலைத்துணியும் அணிந்த இளைஞர் ஒருவர், "அஹ்லன் வ ஸஹ்லன்" என்று வரவேற்று, மூக்கு நீண்ட பித்தளைப் பாத்திரத்திலிருந்து கோப்பி வார்த்துப் பேரீச்சம்பழத்துடன் நீட்டினார். நாம் தமிழில் ஏதோ பேசிக்கொண்டோம். வார்த்துக்கொண்டிருந்த அவரது கை சற்றே தாமதித்தது. "சேர் இலங்கையா? நான் ஓட்டமாவடி" என்றார்.

நாம் மகிழ்ச்சியில் உரக்கப் பேசத் தொடங்கினோம். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, "கொஞ்சம் மெதுவாக் கதைங்க சேர். வாற ஆக்கள் எங்கள அறபி எண்டு நினைக்கணுமாம்" என்றார். தங்கையின் திருமணத்துக்காகப் பணம் சேர்க்கிறாராம். நான்கு ஆண்டுகளாக அங்கே நிற்கிறாராம். பதூவிகளைப் பற்றி வினவினோம். சிரித்தார். "நாலு வருஷமா இதத்தான் ஊத்துறன் சேர். பதூவி ஒருத்தரயும் நான் இன்னும் காணல்ல."

நம் பழந்தமிழ் இலக்கியம் பாலைக்கு உரிப்பொருளாகப் பிரிவை வகுத்தது. அதிலும் பொருள்வயிற் பிரிவு என ஒரு துறை உண்டு. பொருள் தேடச் சுரங் கடந்து செல்லும் தலைவனையும் வீட்டில் நாளெண்ணும் தலைவியையும் வகுப்பறையில் நயம்படப் போதிக்கும் தமிழாசிரியர், டுபாயின் கூடாரத்தில் அத்தலைவன் நீட்டும் கோப்பியை முகம் பாராமல் வாங்கிக் குடிக்கிறார். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை நிறுவிய நம் அரசு, இவ்விளைஞர்களும் பணிப்பெண்களும் அனுப்பும் பணத்தை நாட்டின் முதன்மையான அந்நியச் செலாவணி வருவாய்களுள் ஒன்றாக எண்ணி வருகிறது. பணத்தை எண்ணுவோர் பிரிவை எண்ணுவதில்லை.

அமீரகத்தின் குடிகளுள் அந்நாட்டுப் பிரஜைகள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. ஏனையோர் பிழைக்க வந்தவர்கள். சபாரி வண்டியை ஓட்டுபவர், ஒட்டகத்தைப் பிடித்து நடப்பவர், இறைச்சி சுடுபவர், மருதாணி இடுபவர் எனப் பாலைவனத்தின் "பண்டைய வாழ்வை" நடித்துக்காட்டுவோரிற் பெரும்பாலார் இவர்களே. "கபாலா" என்னும் பொறுப்பாளர் முறையிலே தொழிலாளியின் வதிவுரிமை முதலாளியோடு கட்டப்பட்டிருந்தது. அண்மைக் காலத்திற் சட்டங்கள் திருத்தப்பட்டுள்ளன என்பதை மறைப்பது நேர்மையாகாது. கடவுச்சீட்டைப் பறித்துவைத்தல் தடுக்கப்பட்டுள்ளது. வேலை மாறுதல் முன்னரினும் இலகுவாகியுள்ளது. ஜூன் 15 முதல் செப்ரெம்பர் 15 வரை நண்பகல் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலைவாங்கல் ஆகாது. (உலா வண்டி புறப்படுவதும் அந்த மூன்று மணியளவிலேயே என்பதை வாசகர்கள் கவனித்திருப்பர்.) ஆனால் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையும் வேலைநிறுத்தம் செய்யும் உரிமையும் இல்லை. சட்டம் மீறப்பட்டால் கூடிக் கேட்க இயலாதவனுக்கு அச்சட்டத்தால் எவ்வளவு பயன்?

இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. வளைகுடா நாடுகளில் "பிதூன்" எனப்படுவோர், பிரஜாவுரிமை அற்றவர்கள். எல்லைகள் வரையப்பட்டுப் பெயர்கள் பதியப்பட்ட காலத்தில், பதிவேட்டை அறியாது அலைந்த நாடோடிக் குடும்பங்களின் வழிவந்தோர் இவர்களுட் பலர். அமீரகத்திலே இத்தகையோர் பலருக்கு, எங்கோ இந்து சமுத்திரத்திலுள்ள கொமொரோஸ் தீவுகளின் கடவுச்சீட்டு வாங்கிக் கொடுக்கப்பட்டது. அவர்கள் அத்தீவைக் கண்டதுமில்லை. சீட்டு வாங்கியவன் ஒரு மாலைக்குப் பதூவியாகலாம். பதூவியின் பேரன் ஆயுள் முழுவதும் அந்நாட்டவனாக முடியாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை ஒரே இரவில் நாடற்றவராக்கியதை அறிந்த நமக்கு இந்த அநியாயத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை.

"எப்படியாயினும் வேலை கிடைக்கிறதே, உலா இல்லாவிடின் அவர்கள் என்ன செய்வர்?" என்று ஆதரவாளர் வினவுவர். இதனை நாம் முன்னரும் கேட்டிருக்கிறோம். தோட்டத்துரைமாரும் இவ்வாறே வினவினர். தேயிலைப் பெட்டியின் மேற் கொழுந்து பறிக்கும் பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் வாழும் லயம் பெட்டியில் இராது. வேலை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. வேலை செய்பவன் தன் பெயரோடும் மொழியோடும் உரிமையோடும் அதைச் செய்யட்டும் என்கிறோம். கோப்பி வார்ப்பவர் ஓட்டமாவடியார் என்பதை அறிந்தால் எவருடைய மாலை கெட்டுவிடும்?

வேறு சிலர், "இடதுசாரிகளுக்குக் களிப்பே பகை" என்று நகைப்பர். எட்டுமணி நேர வேலைக்காக உயிர்நீத்த தொழிலாளர் ஓய்வுக்காகவும் களிப்புக்காகவுமே போராடினர் என்பதை இவர்கள் மறந்தனர் போலும். அந்தி சாயும் மணற்குன்று அழகானது. காற்று வரைந்த மணல்வரிகளை நாமும் நெடுநேரம் பார்த்துநின்றோம், அடுத்த வண்டி வந்து அவற்றை உழுது செல்லும்வரை. அங்கு "காஃப்" என்று ஒரு மரம் உண்டு. அமீரகத்தின் தேசிய மரம். நம்முடைய வன்னி மரமே அது. நிலத்தடி நீர்தேடி வேரை மிக ஆழமாகச் செலுத்தி, ஒட்டகத்துக்குத் தழையும் மனிதனுக்கு நிழலும் தந்து மணலைப் பிடித்து நிற்பது. அதன் கன்றும் பல்லியின் வளையும் சில்லுக்கடியில் நசுங்குவது உள்ளிருந்து கூச்சலிடுவோருக்குத் தெரியாது. டுபாயில் 2008 முதற் பரிசோதிக்கப்பட்ட ஏறத்தாழ 30,000 இறந்த ஒட்டகங்களுள் 300இன் வயிற்றிற் பிளாத்திக்குக் குப்பை பெரும்பாறையாய் இறுகிக் கிடந்தது. அக்குப்பை முழுவதும் உலாத் தளங்களிலிருந்து வந்ததென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பாலைவனத்தை விளையாட்டுத் திடலென்று கருதும் மனோபாவத்திலிருந்து அது வந்தது. 225 சதுர கிலோமீற்றரை அரணிட்டு, வண்டிகளுக்குத் தடம் வகுத்து, ஓறிக்ஸ் மான்களைக் காக்கும் ஒதுக்கிடம் ஒன்று டுபாயிலேயே இருக்கிறது. எனவே கட்டுப்பாடு இயலாதது என்று எவரும் கூற முடியாது.

வரும் விடுமுறைக்கும் நம் ஆசிரியர்கள் பலர் அங்கு செல்வர், செல்லட்டும். ஆனால் வண்டியில் ஏறுமுன் சாரதி அன்று எத்தனை மணிக்கு வேலை தொடங்கினார் என்று கேட்கட்டும். கடவுச்சீட்டு யார் கையில் இருக்கிறது, கடைசியாக ஊர் சென்றது எப்போது என்று கூடாரத்திலும் கேட்கட்டும். கேட்டதை ஆட்பெயரின்றி இப்பத்திரிகைக்கு எழுதியனுப்பட்டும், வெளியிடுவோம். ஓட்டமாவடி இளைஞரை நாம் பிரியும்போது அவர் கேட்டது ஒன்றே. ஊரிற் கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டதா என்றார். நாம் கொழும்பிலிருந்து சென்றவர்கள், நமக்குத் தெரியவில்லை.