அளந்து பார்த்துவிட்டுப் பெயர் சொல்வோம்

மலேசியாவில், தஞ்சோங் காராங் நெல்வயல்களையும் செம்பனைத் தோட்டங்களையும் அடுத்து ராஜா மூசா, சுங்கை காராங் வனக் காப்பகங்கள் விரிந்து கிடக்கின்றன. ஏறத்தாழ 80,000 ஹெக்டேர் பரப்புள்ள வட சிலாங்கூர் பீட் சதுப்புக் காட்டின் பெரும்பகுதி இவைதாம். இப்படிப்பட்ட காட்டோரத்தில், தானியங்கிக் கேமராவில் இரவு நேரத்தில் ஒரு மங்கலான உருவம் பதிவானால், பொழுது விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் அது புலியாகிவிடும். இல்லையேல் உலகம் கண்டிராத புது விலங்காகிவிடும். ஒற்றைப் படத்தை நம்பி இனத்தை அறிவிப்பது விலங்குக்கும் கெடுதல், மக்களுக்கும் கெடுதல். ஒப்பிட்டு முடியும்வரை “இன்னும் உறுதியாகவில்லை” என்று சொல்லும் துணிவு அதிகாரிகளுக்கும் ஊடகங்களுக்கும் வேண்டும்.

போர்னியோவில் நடந்ததே இதற்குச் சான்று. 2003-இல் கலிமந்தானின் காயான் மெந்தாராங் தேசியப் பூங்காவில், வீட்டுப் பூனையைவிடச் சற்றுப் பெரிய, செந்நிற உடலும் நீண்ட வாலும் கொண்ட ஒரு விலங்கு கேமராவில் சிக்கியது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டே படங்கள். 2005 டிசம்பரில் உலக வனவிலங்கு நிதியம் அதை வெளியிட்டு, அறிவியலுக்குப் புதிய ஊனுண்ணியாக இருக்கலாம் என்றதும் உலகச் செய்தித்தாள்கள் கொண்டாடின. மறு ஆண்டே மெய்யார்ட், கிட்சனர், ஸ்மீங்க் ஆகிய ஆய்வாளர்கள் மூவர், படத்திலுள்ள உடல், வால் விகிதங்களை அறிந்த இனங்களோடு ஒப்பிட்டு, அது பெரும்பாலும் தாமஸ் பறக்கும் அணிலாகவே இருக்கும் என்று எழுதினர். படம் மாறவில்லை, அதைப் பார்த்த முறைதான் மாறியது.

இரவுப் படம் ஏன் இவ்வளவு ஏமாற்றுகிறது? அகச்சிவப்பு ஒளியில் நிறம் போய்விடுகிறது. அளவுக்கு ஒப்பாக வேறெதுவும் இல்லையென்றால், கேமராவுக்கு அருகே வந்த பூனை சிறுத்தையளவு தெரியும். செம்பனைத் தோட்டத்தில் எலி பிடித்துத் திரியும் சிறுத்தைப்பூனைக்கு வால் நீளம். நீரோரத்தில் மீன் பிடிக்கும் அரிய தட்டைத்தலைப் பூனைக்கு வால் மிகக் குட்டை. வால் படத்துக்கு வெளியே போய்விட்டால் முக்கியமான ஓர் அடையாளமே போய்விடுகிறது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. கேமராவை அசைக்காமல், விலங்கு நின்ற இடத்தில் அளவுகோலை நிறுத்தி மறுபடி படமெடுத்தால் அதன் உயரம் கிடைத்துவிடும். ஏமாற்றும் அதே அகச்சிவப்பு ஒளி உதவியதும் உண்டு. தீபகற்ப மலேசியாவின் சிறுத்தைகள் ஏறக்குறைய எல்லாமே கருஞ்சிறுத்தைகள் என்பதால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய முடியாது என்றுதான் நெடுநாள் கருதப்பட்டது. திரெங்கானுவில் ஆய்வாளர்கள் கேமராவின் ஒளி உணரியை மறைத்து, பகலிலும் அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்க வைத்தார்கள். கரிய தோலுக்குள் இருந்த புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. அந்த ஆய்வு 2015-இல் வெளியானது.

“அதிகாலையில் செம்பனைக் குலை வெட்டப் போகிறவர்களின் உயிர் முக்கியமா, உங்கள் அளவுகோல் முக்கியமா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எச்சரிக்கை செய்ய இனத்தின் பெயர் தேவையில்லை. பெரிய விலங்கு நடமாடுகிறது, தனியாகப் போகாதீர்கள் என்று அன்றே சொல்லலாம். வனவிலங்குத் துறைக்கு அன்றே தகவல் தரலாம். தவறான பெயரோ, ஆபத்தில்லாத பிராணிக்குக் கண்ணி வைக்கத் தூண்டும். நாளை உண்மையான எச்சரிக்கை வரும்போது யாரும் நம்பமாட்டார்கள்.

மர்மம் இருந்தால்தானே காடு பேசப்படும் என்பது இன்னொரு வாதம். போர்னியோ எல்லையில் பெரும் செம்பனைத் திட்டம் பேசப்பட்ட நேரத்தில் அந்தப் படம் கவனத்தை ஈர்த்தது உண்மைதான். ஆனால் மர்மத்தின்மேல் கட்டிய ஆதரவு, மர்மம் கலைந்தால் சரிந்துவிடும். வட சிலாங்கூர்க் காடு தஞ்சோங் காராங் வயல்களுக்கான நீரைத் தேக்கிக் காக்கிறது. அதைக் காப்பாற்ற இந்த ஒரு காரணமே போதும்.

ஆகவே படம் கிடைத்தவர்கள், வாட்ஸ்அப்பில் சுருங்கிய பிரதியை அல்ல, நேரமும் தேதியும் உள்ள மூலக் கோப்பையே துறையிடம் கொடுக்க வேண்டும். வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டிவிடாதபடி இடத்தை வெளியிடாமல் இருக்க வேண்டும். துறையும் தன் பங்குக்கு, எந்த அடையாளத்தை வைத்து முடிவுக்கு வந்தது என்பதை மக்களுக்கு விளக்க வேண்டும். காரணம் தெரிந்த மக்கள் முடிவுக்காகக் காத்திருப்பார்கள்.