சியர்லீடிங்: கூத்தா, விளையாட்டா?

சென்ற மாதம் பேத்தி ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அமெரிக்காவில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். நீல விரிப்பின் மேல் இருபது பெண்கள் ஓடிவந்து கரணம் அடிக்கிறார்கள். ஒருத்தியைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்து, அவள் சுழன்று விழும்போது பிடிக்கிறார்கள். மொத்தம் இரண்டரை நிமிடம். பார்த்து முடிப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது. சியர்லீடிங் போட்டியாம்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நண்பர்களிடம் செல்போனை நீட்டினேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஐபிஎல்ல பவுண்டரி போனா ஆடுவாங்களே, அந்தக் கூத்துதானே? இதெல்லாம் ஒரு விளையாட்டாய்யா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போன வருஷமாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை. ஏன் என்று அங்கே சொல்லி முடிக்க முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஐபிஎல் விஷயத்தில் தலைமையாசிரியர் சொன்னது சரி. 2008-ல் ஐபிஎல் தொடங்கியதிலிருந்து மைதான ஓரத்தில் ஆடும் பெண்களைப் பார்த்து வருகிறோம். அது கூட்டத்தை உற்சாகப்படுத்தும் வேலை. கடினமான வேலைதான், ஆனால் விளையாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். பேத்தி ஆடுவது வேறு. அங்கே கிரிக்கெட்டும் இல்லை, பவுண்டரியும் இல்லை. அவர்கள் ஆடுவதுதான் ஆட்டம். எதிரணியும் அதே விரிப்பில் வந்து ஆடும். எவ்வளவு கடினமானதைச் செய்தார்கள், எவ்வளவு சுத்தமாகச் செய்தார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். யாராவது விழுந்தால் மதிப்பெண் குறையும்.

"நடுவர் கண்ணை நம்பி மார்க் போடுவது விளையாட்டா? கோல் விழுந்தால் கோல், ரன் எடுத்தால் ரன்" என்பது அடுத்த கேள்வி. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் தீபா கர்மாகர் பெண்கள் வால்ட் போட்டியில் குதித்த இரவை மறந்துவிட்டீர்களா? தூக்கம் விழித்துப் பார்த்தோமே! 15.066 புள்ளி எடுத்து நான்காம் இடம் வந்தார். வெண்கலம் போனது 0.150 புள்ளியில். அந்தப் புள்ளிகளைப் போட்டதும் நடுவர்கள்தான். அன்று தீபா ஆடியது விளையாட்டில்லை என்று யாரும் சொல்லவில்லை.

"உடம்பை வருத்தினால்தானே விளையாட்டு?" என்றார் இன்னொருவர். அப்படியானால் உட்கார்ந்த இடத்தில் ஆடும் சதுரங்கத்தை என்ன செய்வது? நாட்டின் முதல் கேல் ரத்னா விருது நம் விஸ்வநாதன் ஆனந்துக்குத்தான் போனது. 2020 டிசம்பரில் மத்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. கோயில் திருவிழாவில் சுற்றிய கம்பு விளையாட்டரங்குக்கு வந்தபோது நாம் கைதட்டினோம். நம்முடையது என்றால் விளையாட்டு, வெள்ளைக்காரன் ஊரில் தொடங்கியது என்றால் கூத்து. இது என்ன நியாயம்?

நம் பக்கத்து வரகூரில் கோகுலாஷ்டமிக்கு உறியடியும் வழுக்கு மரமும் உண்டு. மரத்தில் ஏறுகிறவனையும், கீழே தோள் கொடுக்கிறவர்களையும் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். அது பெருமாளுக்கான உற்சவம். அதற்கு மதிப்பெண் போட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஆனால் மும்பையில் அதே கண்ணன் பெயரால் ஆள் மேல் ஆள் ஏறித் தயிர்ப்பானை உடைப்பது பரிசுப் போட்டியாகவே வளர்ந்துவிட்டது. எத்தனையோ பேர் விழுந்து அடிபட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022-ல் மகாராஷ்டிர அரசு தஹி ஹண்டியைச் சாகச விளையாட்டு என்று அறிவித்தது. உயிரிழந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றும் சொன்னது. வேலையில் ஒதுக்கீடு தருவதைப் பலர் எதிர்த்தார்கள், அது தனி வாதம். விளையாட்டு என்ற பெயர் வந்ததும் அடிபட்டவனைப் பற்றிய பேச்சும் கூடவே வந்தது. எனக்கு முக்கியம் அதுதான்.

சியர்லீடிங்கிலும் இதே கதைதான். 1898-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் கூட்டத்தைப் பார்த்துக் கோஷம் போட்டதில் தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்று ஆளை உயரத்தில் எறிந்து பிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. 2014-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை விளையாட்டாகக் கருத வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பயிற்சியாளர்களுக்கு முறையான பாதுகாப்புப் பயிற்சி கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 2021-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதன் உலக அமைப்புக்கு முழு அங்கீகாரம் தந்தது. ஒலிம்பிக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வலுவான நியாயம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் குவின்னிபியாக் பல்கலைக்கழகம் பெண்கள் வாலிபால் அணியைக் கலைத்துவிட்டு, சியர்லீடிங் அணியைப் பெண்கள் விளையாட்டுக் கணக்கில் காட்டப் பார்த்தது. வாலிபால் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2010-ல் நீதிபதி, அது இன்னும் போதிய அளவு வளரவில்லை, ஒழுங்கான அமைப்பும் போட்டி முறையும் இல்லை, எனவே கணக்கில் சேர்க்க முடியாது என்று தீர்ப்பளித்தார். சரியான தீர்ப்பு. ஒருத்தி வாயிலிருந்து பிடுங்கி இன்னொருத்திக்கு ஊட்டக் கூடாது. ஆனால் அவர் வருங்காலத்துக்குக் கதவைச் சாத்தவில்லை. அமைப்பும் விதியும் வந்தால் பார்க்கலாம் என்றே விட்டுவைத்தார்.

இனி என் சொந்தக் கதை. 1967-ல் நான் எட்டாம் வகுப்பு. ஆகஸ்ட் 15-க்குப் பள்ளியில் பிரமிட் பழகினோம். கீழ்வரிசையில் நான். உச்சியில் என் பெஞ்சு நண்பன், கையில் கொடியோடு. ஒத்திகையில் என் தோள் ஒரு நொடி நழுவியது. அவன் கட்டாந்தரையில் விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது. விரிப்பு இல்லை, பிடிக்க ஆள் இல்லை, முதலுதவிப் பெட்டி கால்பந்து அணிக்கு மட்டும். "அது கேம் இல்லப்பா, சும்மா டிரில்" என்றார்கள். நாட்டு வைத்தியரிடம் கட்டுப் போட்டார்கள். கை கோணலாகவே கூடியது. போன வருஷம் அவன் காலமானான். துக்கம் கேட்கப் போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கையைத்தான் முதலில் பார்த்தேன்.

பேத்தியிடம், "நீ மேலே ஏறுவியாம்மா?" என்று கேட்டேன். "இல்ல தாத்தா, நான் கீழ நின்னு தாங்குறவ" என்றாள். "விட்டுடாதேம்மா" என்றேன். அதற்கென்றே மாதக்கணக்கில் பழக்குகிறார்களாம். பின்னால் நின்று பிடிப்பதற்கே தனியாக ஒருத்தி உண்டாம்.

விளையாட்டு என்ற பெயர் வெறும் கௌரவத்துக்காக இல்லை. அந்தப் பெயர் இருந்தால்தான் விரிப்பு வரும், பழகிய வாத்தியார் வருவார், அடிபட்டால் கேள்வி கேட்க வழி இருக்கும். பெயர் இல்லாத ஆட்டத்தில் பிள்ளைகள் விழுந்தால் அது யார் கணக்கிலும் வராது.

தலைமையாசிரியர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "எல்லாத்தையும் விளையாட்டுன்னா கபடிக்கு எவன் வருவான்?" என்கிறார். நாளைக்கும் டீக்கடையில் வாதம் தொடரும். அதுவரை உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பேரனோ பேத்தியோ படிக்கும் பள்ளியில் அடுத்த சுதந்திர தினத்துக்குப் பிரமிட் பழகினால், ஒருநாள் போய்ப் பாருங்கள். கீழே என்ன விரித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.