மூடிய சாயப்பட்டறைகள் மீண்டும் திறந்தது எப்படி? திருப்பூர் கற்ற உப்புப் பாடம்!

நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட் திருப்பூரில் தைத்ததாக இருக்கலாம். அதில் சாயம் ஏற எவ்வளவு உப்பு தேவைப்பட்டிருக்கும், தெரியுமா?

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு கட்டாயம். அடர் நிறம் என்றால் ஒரு லிட்டர் சாயக் கரைசலுக்கு 80 கிராம் வரைகூடப் போட வேண்டியிருக்கும். கடல் நீரிலேயே லிட்டருக்கு சுமார் 35 கிராம்தான் உப்பு! துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும். உப்பு அப்படியே கழிவுநீரில் வந்துவிடும்.

பல ஆண்டுகள் அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடம் நொய்யல். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. கிணறுகள் உப்பாகின, நிலங்கள் பாழாகின. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள்.

கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது என்று 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்போதும் நிலைமை மாறவில்லை. 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். சாயம் இல்லாமல் பனியன் கம்பெனி ஓடுமா? துணி வெளியூர்களுக்குப் போய்ச் சாயம் ஏறி வந்தது. வேலை குறைய, பல தொழிலாளர்கள் சொந்த ஊருக்கு பஸ் ஏறினார்கள்.

மாற்றம் எங்கே தொடங்கியது?

ஒரு சிறு பட்டறையால் தனியாக சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. அதனால் பல பட்டறைகள் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தின. கழிவுநீரை நுண்ணுயிரிகளால் சுத்தம் செய்து, ஆர்.ஓ. வழியாக வடிகட்டினால் பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பிவிடும். மிஞ்சும் உப்புக் கரைசல்தான் தலைவலி. அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்க எரிபொருள், மின்சாரம் என ஏகப்பட்ட செலவு.

'சாயம் போட உப்புதானே வாங்குகிறோம்? இந்தக் கரைசலையே ஏன் பயன்படுத்தக் கூடாது?' இந்தக் கேள்விதான் திருப்புமுனை. கரைசலில் உள்ள நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்பும் முறை அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆவியாக்கும் செலவு குறைந்தது, உப்பு வாங்கும் செலவும் குறைந்தது. இன்று திருப்பூரின் சாயத் தொழில், தான் பயன்படுத்தும் தண்ணீரில் 90 சதவிகிதத்துக்கும் மேல் மறுசுழற்சி செய்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. சுத்திகரிப்பில் மிஞ்சும் கலவை உப்பை என்ன செய்வது என்பதற்கு முழுத் தீர்வு கிடைக்கவில்லை. ரகசியமாகக் கழிவைத் திறந்துவிடுவதாகப் புகார்களும் வருகின்றன. இந்த அளவுக்குக் கட்டுப்பாடு இல்லாத நாடுகளோடு விலையில் மோதவும் வேண்டும்.

'ஒரு பீஸுக்கு இன்னும் சில பைசா குறையுங்கள்' என்று கேட்கும் வெளிநாட்டு பிராண்டுகள், தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவிலும் பங்கு எடுக்க வேண்டும். அந்தச் செலவை நொய்யல் தனியாகச் சுமந்த காலத்தை திருப்பூர் ஏற்கெனவே பார்த்துவிட்டது.