பின்கதை பாத்திரமாகாது

ஜப்பானிய மங்காவையும் அனிமேயையும் பற்றி நம் எழுத்து வட்டாரத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் நடமாடுகின்றன. ஒன்று பழையது: அது பிள்ளைகளுக்கான பொம்மைச் சமாச்சாரம், பேசத் தகாதது. இதைச் சொல்கிறவர்கள் பார்க்காமல் சொல்கிறவர்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. இரண்டாவது புதியது. மங்காவில் முழுக் கெட்டவன் என்று எவனும் இல்லை, ஒவ்வொரு வில்லனுக்கும் ஒரு கடந்த காலம் உண்டு, அவன் ஏன் அப்படி ஆனான் என்பது நமக்குச் சொல்லப்படுகிறது, ஆகவே பாத்திர சிருஷ்டியில் அது நம் நாவல்களையெல்லாம் தாண்டிவிட்டது என்பது. இதைச் சொல்கிறவர்கள் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். அதிலும் சிலர் நல்ல கவிதை எழுதுகிறவர்கள். ஆகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்கதை பாத்திரமாகாது. ஒருவனுக்கு நேர்ந்தவற்றின் பட்டியல் ஒருவன் ஆகிவிடாது. மங்காவின் பெரிய சாதனைகள் இதைத் தெரிந்துகொண்டவர்களுடையவை. நம் நண்பர்கள் கொண்டாடுவதோ இதை மறந்துபோனவர்களுடைய சரக்கு.

அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். கொயோஹாரு கொதோகேயின் ‘டீமன் ஸ்லேயர்’ 2016 முதல் 2020 வரை வாரத்தொடராக வந்து 23 தொகுதிகளில் முடிந்தது. அதன் கடைசிப் பகுதியின் முதல் படம் 2025 செப்டம்பரில் தமிழ்க் குரலோடும் நம் திரையரங்குகளுக்கு வந்தது. மனித மாமிசம் தின்னும் அரக்கர்கள்; அவர்கள் கழுத்தை வெட்டுகிற வாள்வீரர்கள். அரக்கர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் மனிதர்கள். கத்தி கழுத்தில் பதிந்ததும் பக்கம் பின்னால் புரள்கிறது. வறுமை, வியாதி, செத்துப்போன தாய், கைவிட்ட ஊர். பிறகு தலை விழுகிறது. கதாநாயகன் தான்ஜிரோ கருணையோடு கையை வைக்கிறான். நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். அடுத்த அரக்கன் வருகிறான்.

இந்த வரிசையில் ரூயி என்ற சிலந்தி அரக்கனைப் பலரும் சொல்கிறார்கள். அவன் ஒரு மலைக்காட்டில் மற்ற அரக்கர்களைப் பிடித்துவைத்து, ஒருத்தியை அம்மா என்றும் ஒருவனை அப்பா என்றும் ஒருத்தியை அக்கா என்றும் பட்டம் கட்டி, பயமுறுத்தி, ஒரு குடும்பத்தை நடத்துகிறான். அம்மா அம்மாவாக இருக்கத் தவறினால் அடி விழுகிறது. கலாபூர்வமாக இதற்கு மேல் என்ன வேண்டும்? பாசத்தை அதிகாரத்தால் மட்டுமே கேட்கத் தெரிந்த ஒரு சிறுவன் நம் முன் நிற்கிறான். அவன் எப்படிப்பட்டவன் என்பது அவன் இப்போது செய்கிற காரியத்தில் முழுசாக இருக்கிறது. ஆனால் கதை இதை நம்புவதில்லை. அவன் நோயாளிப் பிள்ளையாக இருந்ததும், அரக்கனானதும், பெற்றோர் அவனைக் கொன்று தாங்களும் சாக நினைத்ததும், அவன் அவர்களைக் கொன்றதும் தலை வெட்டுப்படுகிற வேளையில் நமக்கு விளம்பப்படுகிறது. நாமே கண்டுகொண்டதற்கு ஒரு கோனார் நோட்ஸ். நம் நண்பர்கள் ஆழம் என்று சொல்வது இந்த நோட்ஸைத்தான்.

இது கலைக் குறை மட்டுமில்லை. தார்மீகமான குறையும்கூட. ஒருவனைப் புரிந்துகொள்வது நம்மை எதற்காவது நிர்ப்பந்திக்க வேண்டும். குறைந்தபட்சம் அவனைக் கொல்வதையாவது கஷ்டமாக்க வேண்டும். இங்கே புரிதல் வெட்டு விழுந்த பிறகு வருகிறது. அதற்கு விலை இல்லை. கதாநாயகனும் நாமும் ஒரு கொலையின் திருப்தியையும் ஒரு கருணையின் திருப்தியையும் ஒரே சமயத்தில் பெற்றுக்கொள்கிறோம். ஒரே சீட்டில் இரண்டு படம். மனிதாபிமானம் என்று பெயர் வைத்து நம் நண்பர்கள் மெச்சுகிற காரியம் இது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே நண்பர்கள்தான் தமிழ் சினிமாவில் இடைவேளைக்குப் பின்னால் வருகிற ஃபிளாஷ்பேக்கை வாய் ஓயாமல் கேலி செய்தவர்கள். இங்கே கெட்டது, அங்கே எப்படி உயர்ந்ததாகிறது? கோடு நன்றாகப் போட்டிருப்பதாலா?

இந்தத் தந்திரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ‘ஷோனென் ஜம்ப்’ 1968இல் தொடங்கிய பத்திரிகை. நட்பு, முயற்சி, வெற்றி என்பவை அதன் மூன்று தாரக மந்திரங்கள். பத்திரிகையோடு வரும் அட்டையில் வாசகர்கள் பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்புவார்கள். வரிசையில் கீழே இறங்கிய தொடருக்கு நாள் எண்ணப்படும். 1994 முடிவில் ஒரு இதழ் 65 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. இந்த இயந்திரத்துக்குள் எழுதுகிறவன் ஒவ்வொரு வாரமும் இருபது பக்கத்துக்குள் பிழைத்தாக வேண்டும். அவனுக்கு வில்லன்கள் ஒருவர் பின் ஒருவராகத் தேவை. வந்து சில வாரங்களில் சாகப்போகிற ஒருவன் நம் கண்ணெதிரே வளர நேரம் இல்லை. ஆகவே அவனுக்கு ஒரு கடந்த காலத்தைக் கடனாகக் கொடுத்து, ஆழமுள்ளவன்போல் காட்டி, அனுப்பிவிடுகிறார்கள். 72 தொகுதி ஓடிய ‘நாருட்டோ’ (1999–2014) கடைசிப் போரில் செத்தவர்களையே எழுப்பிக்கொண்டு வந்து, அவர்கள் பழசைச் சொல்லவைத்து, மறுபடி அனுப்பிவைத்தது. இது வியாபாரத்தின் தர்க்கம். அதை அங்கே உள்ளவர்கள் வியாபாரம் என்று தெரிந்தே செய்கிறார்கள். இங்கே உள்ளவர்கள்தான் அதற்குத் தத்துவம் எழுதுகிறார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் சந்தையின் தலையில் கட்டிவிடுவதும் சோம்பல்தான். அதே ‘ஜம்ப்’பில், அதே அட்டைகளின் கீழே, தாகெஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை ‘ஸ்லாம் டங்க்’ எழுதினார். அதன் நாயகன் சகுராகி, சண்டைக்கார முரட்டுப் பையன். அவனுக்கும் ஒரு துக்கம் உண்டு. தகப்பன் மயங்கி விழுந்து கிடந்தபோது அவனால் உதவி கூட்டிவர முடியாமல் போனது. அதற்கு இனோவே ஒதுக்குவது சில பக்கங்கள். அவை வருவது அவனுடைய பயிற்சியாளர் கண்ணெதிரே சரிந்து விழும்போது. இந்தத் தடவை சகுராகி செய்ய வேண்டியதைச் செய்கிறான். அவ்வளவுதான். அவனுடைய முரட்டுத்தனத்துக்கு அதை யாரும் காரணமாகச் சொல்லவில்லை. கடைசி ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் வசனமே இல்லை. கைகள், காலணிகள், பந்து. முப்பத்தொரு தொகுதி கட்டி எழுப்பியது முழுக்க அந்த மௌனத்தில் செலவாகிறது. அந்த இடத்தில் யாருடைய பால்யத்தையாவது நுழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நண்பர்கள் யோசிக்கட்டும்.

இன்னும் முன்னால் போகலாம். 1968இலிருந்து 1973வரை வந்த ‘நாளைய ஜோ’. கதை ஆசாவோ தாகாமோரி (இக்கி கஜிவாராவின் இன்னொரு பெயர்), சித்திரம் தெத்சுயா சிபா. ஜோ ஓர் அனாதை, குத்துச்சண்டைக்காரன். அவனுடைய எதிரி ரிகிஷி அவனைவிடப் பெரிய உடம்புக்காரன், வேறு எடைப் பிரிவுக்காரன். ஜோவோடு மோத வேண்டும் என்பதற்காகவே அவன் தன் உடம்பைக் காயப்போட்டு, எலும்பும் தோலுமாகி, ஜோவின் எடைக்கு இறங்கிவருகிறான். தாகம் தாங்காமல் ஓர் இரவு தண்ணீர் தேடி அலைகிறான். குழாய்களையெல்லாம் கம்பியால் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள். யோகோ என்ற பெண் வெந்நீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவன் வாங்கிக்கொள்கிறான். நன்றி சொல்கிறான். குடிக்காமல் தரையில் ஊற்றிவிடுகிறான்.

ரிகிஷியின் பெற்றோர் யார், சின்ன வயதில் அவனுக்கு என்ன குறை என்று நான் யோசித்ததே கிடையாது. யோசிக்கத் தோன்றவில்லை. அந்தத் தண்ணீரை ஊற்றுகிற கைக்குப் பின்கதை தேவைப்படவில்லை. அவன் ஏன் இப்படிச் செய்கிறான் என்பது விளங்கவும் இல்லை. விளங்காமலே நம்மால் மறுக்க முடியாதவனாக இருக்கிறான். இதைத்தான் நான் பாத்திரம் என்கிறேன். அந்த ஆட்டத்தில் ஜெயித்து, உடனே ரிகிஷி செத்துப்போனான். 1970 மார்ச் 24 அன்று கவிஞரும் நாடகக்காரருமான ஷூஜி தெராயாமா முன்னின்று நடத்த, பதிப்பகத்தின் மண்டபத்தில் அவனுக்கு இறுதிச் சடங்கு நடந்தது. ஏறக்குறைய 700 பேர் போனார்கள். ஒரு கோட்டுச் சித்திரத்துக்கு. அவன் மறுபடி எழுந்து வரவே இல்லை. ஜோ அந்தச் சாவைச் சுமந்துகொண்டு மிச்சக் கதை முழுக்க நடந்தான். இங்கே கடந்த காலம் என்பது வாசகர்கள் கூடவே இருந்து வாழ்ந்த காலம். கடைசி நேரத்தில் கையில் திணித்த துண்டுச்சீட்டு அல்ல.

இஸாவோ தகஹாதாவின் ‘மின்மினிகளின் கல்லறை’ (1988) பற்றி நம்மவர்கள் எழுதியவற்றில் பெரும்பாலும் கண்ணீர்தான் இருக்கிறது. யுத்தம் கொடியது, பிள்ளைகள் பாவம். தகஹாதா அதை யுத்த எதிர்ப்புப் படம் என்று சொல்வதையே மறுத்துவந்தார். ஏன் என்று படத்தைக் கவனமாகப் பார்த்தால் தெரியும். சேய்தா பதினான்கு வயதுப் பையன், கடற்படை அதிகாரியின் மகன். அத்தையின் வீட்டில் சுடுசொல் விழுகிறது. அவனுக்குத் தாங்கவில்லை. வேலைக்கும் போகவில்லை, பணிந்தும் போகவில்லை. வங்கியில் தாயின் பணம் 7,000 யென் இருக்கிறது. நாலு வயதுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு குளக்கரைப் பதுங்குகுழிக்குக் குடிபோகிறான். அந்தக் கௌரவத்தின் விலை தங்கையின் உயிர். அத்தையும் அரக்கி இல்லை. பஞ்சத்தில் தன் வீட்டுச் சோற்றை எண்ணுகிற ஒரு சாதாரணப் பொம்பளை. தகஹாதா யாருக்கும் வக்கீலாக நிற்கவில்லை. படம் சேய்தாவின் சாவில்தான் தொடங்குகிறது. செத்த சேய்தா ஓரமாக நின்று தான் செய்தவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தப் பார்வை எதையும் நியாயப்படுத்துவதில்லை. கடந்த காலத்தைக் கதையில் வைப்பதற்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது. நடந்ததை மாற்ற முடியாது, ஆனால் அதன் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

நண்பர்களுடைய கட்சிக்கு மங்காவுக்குள்ளிருந்தே வந்த மிகக் கடுமையான மறுப்பு நாவோகி உராசாவாவின் ‘மான்ஸ்டர்’ (1994–2001) என்று நினைக்கிறேன். ஒரு ஜப்பானிய மூளை அறுவை நிபுணர் ஜெர்மனியில் ஒரு சிறுவனைப் பிழைக்கவைக்கிறார். அந்தச் சிறுவன் யோஹான் வளர்ந்து கொலைகாரனாகிறான். பதினெட்டுத் தொகுதியும் அவன் ஏன் அப்படி ஆனான் என்ற தேடல்தான். கிழக்கு ஜெர்மனியில் ஓர் அநாதை விடுதி, பிராக் நகரில் ஒரு மாளிகை, பரிசோதனைகள், படுகொலை என்று பின்கதைக்கு வேண்டிய சரக்கெல்லாம் குவிகிறது. கடைசியில் தெரியவருவது என்ன? அந்த மாளிகைக்கு இழுத்துச் செல்லப்பட்டது யோஹான் இல்லை, அவனுடைய இரட்டைச் சகோதரி. அவள் வந்து சொன்னதைக் கேட்டு அந்த நினைவைத் தன்னுடையதாக அவன் ஆக்கிக்கொண்டான். அவனை விளக்குவதற்கு நாம் பிடித்துவைத்திருந்த துக்கம் அவனுடையதே அல்ல. அதே துக்கத்தை நிஜமாகவே அனுபவித்த சகோதரி கொலைகாரியாகவில்லை. முடிவில் காலியான ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில் மட்டும் மிஞ்சுகிறது. காரணம் தேடி வந்த வாசகன் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரு ஆட்சேபத்தை நானே எழுப்பிக்கொள்கிறேன். ‘டீமன் ஸ்லேய’ரிலேயே அகாசா இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தலை வெட்டுப்பட்ட பிறகும் சாகாமல் வளர்ந்துகொண்டிருக்கிற அந்த அரக்கனுக்கு, தான் மனிதனாக இருந்தபோது காக்க முடியாமல் போனவர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். உடனே அவன் தன் கையாலேயே தன்னை அடித்துக்கொண்டு, வளர்வதை நிறுத்தி, செத்துப்போகிறான். இந்த இடம் எனக்கும் நன்றாகவே பட்டது. ஆனால் ஏன் நன்றாக இருக்கிறது? ஞாபகம் இங்கே விளக்கமாக நிற்காமல் ஒரு செயலாகிவிடுகிறது. தன் முடிவை அவனே எடுக்கிறான். ரூயிக்கு மறுக்கப்பட்டது இவனுக்குக் கிடைக்கிறது. இது என் வாதத்துக்குத்தான் சாட்சி.

விளக்கமே இல்லாமலும் நிற்க முடியும் என்பதற்குச் சிறுபத்திரிகைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு பெயர் உண்டு. 1964இல் தொடங்கிய ‘காரோ’ பத்திரிகையில் 1968இல் யோஷிஹாரு த்ஸுகே ‘நெஜிஷிகி’ என்று ஒரு சின்னக் கதை போட்டார். ஜெல்லிமீன் கடித்து நரம்பு அறுந்த ஒருவன் வைத்தியரைத் தேடி ஊர் ஊராக அலைகிறான். அவன் யார், எங்கிருந்து வந்தான், ஒன்றும் கிடையாது. மீனின் பெயர் தெரியாமல் பெருக்கல் குறி போட்டு விட்டிருந்ததை, அச்சில் எழுத்தாக்கி மீனுக்கு ஒரு புதுப் பெயரே வைத்துவிட்டார்கள். (நம் அச்சகங்கள் நினைவுக்கு வருகின்றனவா?) அந்த அலைச்சல் இன்றும் நம்மை விடாமல் பிடித்துக்கொள்கிறது. நண்பர்கள் 23 தொகுதியை அடுக்கிவைக்கிற அலமாரியில் இந்தச் சில பக்கங்களுக்கும் இடம் இருக்கட்டும்.

ஜப்பானியர் எப்படிக் கதை சொன்னால் நமக்கென்ன என்று கேட்கலாம். எனக்கு வந்துசேர்கிற புதிய சிறுகதைக் கையெழுத்துப் பிரதிகளில் இந்தத் தொற்றைப் பார்க்கிறேன். பெண்டாட்டியை அடிக்கிற ஒருவன் வருகிறான். முதல் இரண்டு பக்கம் அவன் நன்றாகவே உயிரோடு இருக்கிறான். கதை முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், அவனுடைய தகப்பன் அவனை அடித்த கதை வந்துவிடுகிறது. அதோடு அவன் தீர்ந்தான். அடி வாங்கினான், அடிக்கிறான், கணக்குச் சரி. அடிபட்டவள் என்ன ஆனாள் என்று கேட்க எழுதியவருக்கு ஞாபகம் இல்லை. ஒருவனை அவனுடைய காயத்தின் விளைவாக மட்டும் காட்டுவதைக் கருணை என்று நினைத்துக்கொள்கிறார்கள். தான் செய்ததைத் தான்தான் செய்தோம் என்று சொல்லும் யோக்யதையையே அது அவனிடமிருந்து பறிக்கிறது. ரிகிஷிக்கு அந்த யோக்யதை இருந்தது. சேய்தாவுக்கும் இருந்தது. நம் கதைகளில் வரும் மனிதர்களுக்கும் அது இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.