ஸ்கேனர் வாங்கும் முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்



நம் பழைய குடும்பப் படங்களை நான் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதைப் பார்த்துவிட்டு, "எந்த ஸ்கேனர் வாங்கலாம் சார்?" என்று பலரும் கேட்கிறீர்கள். எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பரண்மேல் இருக்கும் பெட்டியை இறக்குங்கள். உள்ளே அச்சிட்ட படங்கள் மட்டுமா, நெகட்டிவ்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதைப் பொறுத்துத்தான் ஸ்கேனர்.

படங்கள் மட்டும்தான் என்றால் கேனான் லைடு 300, எப்சன் வி39 போன்ற மெல்லிய ஸ்கேனரே போதும். இவற்றில் இருப்பது சிஐஎஸ் சென்சார். கண்ணாடியோடு ஒட்டிப் படிந்திருப்பதுதான் இதில் தெளிவாக விழும். வளைந்த படமும், சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படமும் மங்கலாகத்தான் வரும். ஒட்டியதைப் பிய்த்து எடுக்காதீர்கள், முகமே உரிந்துவிடும்.

நெகட்டிவ் இருந்தால் மூடியிலும் விளக்குள்ள ஸ்கேனர் வேண்டும். ஒளி பிலிமின் ஊடே பாய்ந்தால்தானே படம் தெரியும்? எப்சன் வி600 அந்த வகை. 35 மி.மீ. பிலிமும் எடுக்கலாம், பழைய 120 ரோலும் எடுக்கலாம். இதிலுள்ள சிசிடி சென்சார், கண்ணாடியிலிருந்து சற்று விலகியிருப்பதையும் தெளிவாகப் பிடிக்கும். பழையதாக வாங்கினால், பிலிம் பிடிக்கும் சட்டங்கள் கூடவே இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

விலை கூடத்தான். ஆனாலும் நெகட்டிவ்தான் மூலம், அச்சுப்படம் அதன் நகல். நகல் வெளுத்துப்போன பிறகும் மூலத்தில் முகம் தெளிவாக இருக்கக்கூடும். நான்கு வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்துங்கள் என்பேன்.

பெட்டிமேல் போட்டிருக்கும் 4800, 6400 டிபிஐ எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். அச்சுப்படத்துக்கு 600 தாராளம். 35 மி.மீ. நெகட்டிவை 2400இல் எடுத்தால் சுமார் 3400க்கு 2270 புள்ளிகள் கிடைக்கும். எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அழகாக அச்சிடலாம். தூசியைத் தானே நீக்கும் 'டிஜிட்டல் ஐஸ்' வசதி கலர் பிலிமுக்குத்தான் உதவும். கறுப்பு வெள்ளைப் பிலிமில் உள்ள வெள்ளி அகச்சிவப்புக் கதிரை மறைத்துவிடுவதால் அங்கே அது பலிக்காது. மென்தூரிகையால் தூசி தட்டிவிட்டு வையுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், எந்த மாடல் என்று ஆறு மாதம் ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். ஸ்கேனர் அடுத்த வருஷமும் கடையில் கிடைக்கும். எங்கள் வீட்டுக் கல்யாணப் படம் ஒன்றில் பின்வரிசையில் நிற்கும் ஒன்பது பேரின் பெயரையும் சொல்ல, 86 வயது அத்தை ஒருவர்தான் மிச்சம். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, தாத்தாவின் கையெழுத்து எல்லாம் அங்கேதான் இருக்கும். பெயர்களைக் கோப்பின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஸ்கேன் முடிந்ததென்று நெகட்டிவ்களைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். காகித உறையில், ஈரம் படாத இடத்தில் இருக்கட்டும்.

பெட்டியில் என்ன கிடைத்தது என்று கீழே எழுதுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்